அட்மிரல் பிட்ஸ்ராயும் புயற்கூண்டும்

ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலிற் புயல் திரண்டுள்ளதென்றும், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதென்றும் செய்தி வருங்கால், நம் மாணவ நண்பருட் பலர்க்கு முதற்கண் நினைவிற்கு வருவது விடுமுறையேயாம். அதனைக் குறையென்று கூற நாம் துணியோம். நாமும் ஒருகாலத்து மாணவராயிருந்தவரே. ஆயினும், வரப்போகும் காற்றினைக் கம்பத்தின்மீது ஓர் அடையாளம் உயர்த்தி ஊரார்க்கு அறிவிக்கும் வழக்கம் எவ்வாறு எழுந்தது, அதன்பொருட்டுத் தம் வாழ்நாளையும் கைப்பொருளையும் செலவிட்டவர் யாவர், அவர் அதனாற் பெற்றது யாது என்பவற்றை அறிந்தார் நம்முட் சிலரே. ராபர்ட் பிட்ஸ்ராய் என்னும் அப்பெரியாரின் பெயர், இயற்கைநூற் பேரறிஞர் டார்வினைத் தம் கப்பலில் ஏற்றிச்சென்ற மீகாமன் என்ற அளவிலேயே நம் பாடப்புத்தகங்களில் நிற்கின்றது. ஒருவர் செய்த பெருஞ்செயல் மறைந்து, அவருடன் பயணஞ்செய்தார் ஒருவரது புகழின் ஓரத்தில் அவர் பெயர் ஒண்டி நிற்பது உலகிற் புதிதன்று. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிட்ஸ்ராய் 1805-ம் ஆண்டு ஜூலை மாதம் 5-ம் தேதி இங்கிலாந்தில் சபோக் மாகாணத்தில் ஆம்ப்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தைவழியில் கிராப்டன் கோமகனாரின் பேரர். இரண்டாம் சார்லஸ் அரசரின் வழிவந்த குடி அது. தாயாரோ, அக்காலத்து ஆங்கில அரசாங்கத்தில் பேரமைச்சராய் விளங்கிய காஸ்டில்ரே பிரபுவின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரி. இம்மாமனார் 1822-ம் ஆண்டில் மனநோய் வாய்ப்பட்டுத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்பொழுது பதினேழு வயதினராயிருந்த மருமகனார் நெஞ்சில் அந்நிகழ்ச்சி ஆறாவடுவாய் நின்றது. தமக்கும் அக்குடிநோய் உண்டோ என்னும் ஐயம் இறுதிவரை அவரை விட்டகன்றதில்லை.

பன்னிரண்டு வயதில் போர்ட்ஸ்மத் நகரத்துக் கப்பற்படைக் கல்லூரியிற் சேர்ந்தார். 1824-ம் ஆண்டில் நடந்த அதிகாரிகள் தேர்வில் எல்லாப் பகுதியினும் முழு எண்களும் பெற்றார். அதற்குமுன் அங்ஙனம் பெற்றார் ஒருவருமிலர். நான்கு ஆண்டுகட்குப் பின்னர் தென்னமெரிக்காவின் தென்கோடியில் கடலளவை செய்துகொண்டிருந்த பீகிள் என்னும் சிறு கப்பலின் தலைவர் பிரிங்கிள் ஸ்டோக்ஸ், குளிரும் தனிமையும் மழையும் தாங்கலாற்றாது மனமுடைந்து தம்மைத் தாமே சுட்டு மாண்டார். அவர் விட்டுச்சென்ற பதவி பிட்ஸ்ராய்க்கு வாய்த்தது. அவர்க்கு அப்பொழுது வயது இருபத்துமூன்று.

அப்பதவியேற்ற ஓரிரு மாதங்களுக்குள், அவர் வாழ்க்கை முழுவதற்கும் திறவுகோல் என நாம் கருதும் நிகழ்ச்சி நேர்ந்தது. 1829-ம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ம் தேதி, பீகிள் பிளேட் ஆற்றின் முகத்துவாரத்தில் மால்டொனாடோ என்னும் துறையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. கப்பலிலிருந்த பாரமானியில் பாதரசம் இறங்கியிருந்தது. காற்றின் கனத்தை அளந்து காட்டும் இக்கருவியில் பாதரசம் விரைந்து இறங்குமாயின் பெருங்காற்று அணித்தென்பது மாலுமிகள் அறிந்ததே. வானத்தின் தோற்றமும் நன்றாயில்லை. எனினும் துறையை விரைந்தடைய வேண்டுமென்னும் ஆவலால் இளந்தலைவர் அக்குறிகளை உரியவாறு மதித்திலர். திடீரென்று, பம்பேரோ என அந்நாட்டார் வழங்கும் கடுங்காற்று நிலத்தினின்றும் வந்து மோதிற்று. பாய்களைச் சுருட்டுதற்கும் போது வாய்க்கவில்லை. மேற்பாய்மரங்கள் முறிந்தன, கப்பல் ஒருபுறமாய்ச் சாய்ந்தது. மேலே ஏறியிருந்த மாலுமிகள் இருவர் கடலில் வீழ்ந்து மாண்டனர். நங்கூரங்கள் கடலடியைப் பற்றிய பின்னரே கப்பல் நிமிர்ந்தது. காற்றின்மேற் பழிபோட்டுத் தப்புதற்கு இடமிருந்தும் பிட்ஸ்ராய் அங்ஙனஞ் செய்திலர். கருவி முன்னரே சொல்லிற்று, கேளாதுவிட்டவன் யானே என்று அவர் தம்மைத்தாமே நொந்துகொண்டார். பிற்காலத்தில் எச்சரிக்கையைக் கேளாதாரைக் குறித்து அவர் கடிந்து பேசாது இரங்கியே பேசியது இதனாற்போலும். கேளாதவன் நிலையைத் தம் அனுபவத்தால் அறிந்தவர் அவர்.

பீகிளின் இரண்டாம் பயணத்தைப் பற்றிப் பல நூல்கள் விரித்துரைத்திருத்தலின் நாம் அதனை ஓரிரு சொற்களாற் கடந்து செல்வோம். 1831-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 27-ம் தேதி புறப்பட்ட கப்பல் 1836-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ம் தேதி திரும்பிற்று. தனிமையினால் ஸ்டோக்சுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேராதிருக்கவேண்டி, உடன் உரையாடக் கற்றறிந்த துணைவர் ஒருவரைப் பிட்ஸ்ராய் விரும்பினார். அவ்வாறு வந்தவரே இருபத்திரண்டு வயதினரான டார்வின். காற்றின் வேகத்தை எண்களாற் குறிப்பதற்குப் போபர்ட் என்பார் வகுத்த அளவுமுறை அரசாங்க முறைப்படி முதன்முதற் கையாளப்பட்டது இப்பயணத்திலேயாம். நாட்பொழுது தவறாது பாரமானி பார்க்கப்பட்டது, குறிக்கப்பட்டது, அதன் சொற்படி பாய்கள் சுருக்கப்பட்டன. கேப் ஹார்ன் அருகே 1833-ம் ஆண்டு ஜனவரியில் மூன்று பேரலைகள் அடுத்தடுத்து மோதி, படகொன்றினைப் பறித்துச்சென்றும், பீகிள் பிழைத்தது.

பின்னர் அவர் பார்லிமெண்டு உறுப்பினராகவும், 1843 முதல் 1845 வரை நியூசிலாந்தின் கவர்னராகவும் இருந்தார். அங்கே குடியேறிய ஆங்கிலேயர்க்கும் மவோரி மக்களுக்கும் நிலத்தைப்பற்றி எழுந்த பூசலில், பிழை குடியேறினார்பாலதே என்று தீர்ப்புக் கூறினார். அதனால் குடியேறினார் சினந்தெழுந்தனர். அரசாங்கத்தாரும் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டனர். கருவூலத்திற் பணமின்மையும் படையின்மையும் அவரது ஆட்சியின் குறைகளுக்குப் பெரிதும் காரணம். அவரது முன்கோபமும் சிறிது காரணமெனக் கூறாதுவிடின் நாம் நடுநிலை பிறழ்ந்தவராவோம்.

1854-ம் ஆண்டில் ஆங்கில வர்த்தகச் சபையார், கடலிற் செல்லும் கப்பல்கள் குறித்துவரும் வானிலைக் கணக்குகளைத் தொகுத்தற்கென ஒரு சிறு அலுவலகத்தை இலண்டனில் நிறுவினர். அதன் தலைமை பிட்ஸ்ராய்க்குக் கிடைத்தது. உதவிக்கு எழுத்தர் சிலரே. அவர்க்கிட்ட வேலை கணக்குத் தொகுப்பது மட்டுமே; நாளை என்ன நேரும் என்று சொல்வது அன்று. ஆயினும், கரையோரத்து ஏழை வலைஞர்கள் ஆண்டுதோறும் புயலில் மாள்வது அவரை வாளாவிருக்க விட்டதில்லை. பாரமானி ஒன்று வாங்க அவர்கட்குப் பொருளில்லை. ஆகவே அரசாங்கச் செலவிலும் தருமவான்கள் உதவியாலும் உறுதியான, விலை குறைந்த பாரமானிகளைச் செய்வித்து, மீன்பிடி துறைகள்தோறும் யாவரும் காணுமிடத்திற் கல்மாடங்களில் வைப்பித்தார். அவற்றுட் சில மாடங்கள் இன்றும் அந்நாட்டுத் துறைகளில் நிற்கின்றன.

இக்கருவியைப் பற்றி அவர் கற்பித்த பாடம் ஒன்று குறிப்பிடத்தக்கது. அக்காலத்துப் பாரமானிகளில் பாதரசம் நிற்கும் உயரத்திற்கேற்ப மழை, மாறுதல், நன்னாள் என்றவாறு சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. மக்கள் அச்சொற்களையே வேதவாக்காகக் கொண்டனர். அச்சொற்களை நம்பற்க, பாதரசம் ஏறுகின்றதா இறங்குகின்றதா, எத்துணை விரைவாய் என்பதனையே நோக்குக என்பது பிட்ஸ்ராயின் கொள்கை. எழுத்தறியாதாரும் மனத்திற் கொள்ளுமாறு அதனைச் சிறு சிறு பாட்டடிகளாகவும் அமைத்து வழங்கினார். படகில் ஏறுமுன் கிழவர் ஒருவர் மாடத்தின்முன் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதும், பின் இளைஞர் அவர் முகத்தைப் பார்ப்பதுமான அக்காட்சியை நாம் மனக்கண்ணாற் கண்டு மகிழ்கின்றோம்.

ஆயினும் பாரமானி தான் நிற்குமிடத்துக் காற்றினை மட்டுமே அறியும். நூறு காதத்திற்கு அப்பால் அடிக்கும் புயல் இப்பக்கம் வருகின்றது என்று அதனாற் சொல்லவியலாது. அதனைச் சொல்லவல்லது தந்தியொன்றே. இவ்வுண்மையை ஆங்கிலேயர் உணர்தற்கு ஒரு பெருங்கேடு வேண்டியதாயிற்று.

ராயல் சார்ட்டர் என்பது பாயும் நீராவியும் ஒருங்கே கொண்ட விரைவுக் கப்பல். 1859-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரினின்றும் புறப்பட்டது. அதிற் பயணஞ்செய்தார் பலர், அந்நாட்டுப் பொன்வயல்களில் ஆண்டுக்கணக்காய் உழைத்துத் தேடிய பொன்னுடன் வீடு திரும்புவோர். அக்டோபர் 25-ம் தேதி கப்பல் வேல்ஸ் நாட்டுக் கரையை அடைந்தது. இன்னும் சில நாழிகையில் லிவர்ப்பூல். வழியில் ஹோலிஹெட் துறையில் ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. அன்றிரவு காற்று திசைமாறி நூற்றாண்டிற்கொருமுறை காணத்தக்க வேகத்துடன் வீசத்தொடங்கிற்று. நங்கூரமிட்டனர், சங்கிலிகள் அறுந்தன. பாய்மரங்களை வெட்டி வீழ்த்தினர், பயனில்லை. 26-ம் தேதி விடியுமுன் ஆங்கில்சித் தீவின் பாறைகளில் மோதிக் கப்பல் இரண்டாய்ப் பிளந்தது. மால்டாத் தீவினனான மாலுமி ஒருவன் இடுப்பிற் கயிறுகட்டிக்கொண்டு அலையில் நீந்திக் கரையேறினான். அக்கயிற்றின் உதவியாற் பிழைத்தோர் சிலர். மாண்டோர் ஏறக்குறைய 450 பேர். பெண்டிருள்ளும் குழந்தைகளுள்ளும் ஒருவரேனும் பிழைத்திலர். கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. அரையிற் கட்டிய பொன்னின் கனத்தாலேயே அமிழ்ந்தாரும் உண்டென்பர். அப்புயலில் அந்நாட்டுக் கரையோரம் முழுவதும் அழிந்த கப்பல்கள் 133; மாண்டோர் ஏறத்தாழ 800.

நாடெங்கும் அழுகை எழுந்தது. பிட்ஸ்ராயோ தம் அலுவலகத்தில் அமர்ந்து, பற்பல இடங்களினின்றும் வந்த குறிப்புகளை ஒருங்கு வைத்து, அப்புயல் ஒவ்வொரு நேரத்தில் எங்கெங்கு நின்றதென்று நிலப்படங்களில் வரைந்தார். அப்படங்கள் காட்டிய உண்மை எளிது, கொடிது. புயல் தெற்கேயுள்ள கால்வாய்க் கரையை முந்திய நாட் பகலிலேயே தாக்கிப் பின்னர் வடக்கு நோக்கி நகர்ந்தது. தெற்கேயிருந்து ஒரு தந்தி அடித்திருப்பின், அது புயலைப் பன்மடங்கு முந்தி வேல்ஸ் நாட்டை அடைந்திருக்கும். அதற்குச் சில வாரங்கட்கு முன்னரே, ஆல்பர்ட் கோமகனார் தலைமையில் அபர்டீன் நகரிற் கூடிய பிரிட்டிஷ் அறிவியற் கழகத்தார் புயலைத் தந்தியால் அறிவிக்க வேண்டுமெனத் தீர்மானித்திருந்தனர். 1860-ம் ஆண்டில் அரசாங்கத்தார் இசைந்தனர்.

அவர் வகுத்த முறை இது. கரையோரத்து நிலையங்கள் பலவற்றில் காலை எட்டு மணிக்குப் பாரமானி, வெப்பமானி, காற்றின் திசை, வேகம், வானத்தின் தோற்றம் ஆகியவற்றைப் பார்த்துத் தந்தியடிப்பர். பத்து மணிக்குள் அவை இலண்டனுக்கு வந்துசேரும். பிட்ஸ்ராயும் உதவியாளரும் அவற்றை ஒப்புநோக்கி, எங்கேனும் பெருங்காற்று அணுகுமெனத் தோன்றின் அக்கரைத் துறைகளுக்கு உடனே தந்தி அனுப்புவர். அங்கே உயர்ந்த கம்பத்தில் அடையாளம் ஏறும். அவ்வடையாளங்கள் வளையங்களிற் கித்தான் போர்த்துக் கருமை தீட்டிய கூம்பும் உருளையுமாம். கூம்பின் முனை மேல்நோக்கியிருப்பின் வடபாற் காற்று. கீழ்நோக்கியிருப்பின் தென்பாற் காற்று. உருளை தனித்து நின்றால், காற்று ஒன்றன்பின் ஒன்றாய்ப் பல திசையினின்றும் வரும். உருளையும் கூம்பும் ஒருங்கே ஏறின் பெருங்கேடு அணித்து. இரவில் அவ்வடிவாகவே விளக்குகளைத் தொங்கவிடுவர். எப்பக்கத்தினின்று நோக்கினும் அவ்வடிவம் மாறாது. எழுத்தோ மொழியோ அறிய வேண்டுவதில்லை. கொடியைப்போல் நிறத்தை ஆராயவேண்டுவதுமில்லை. கடலில் நெடுந்தூரத்தே நிற்கும் படகிலிருந்து கண்மங்கிய முதியவரும் அறிவர். இன்றும் நம் சென்னை முதலிய துறைகளில் ஏறும் கூண்டுகளைக் கண்டார்க்கு இவ்வடிவங்கள் அயலாய்த் தோன்றா.

ஒன்று கவனிக்கத்தக்கது. அடையாளம் ஏறியபின் எவரும் துறைவிட்டு நீங்கலாகாது என்று பிட்ஸ்ராய் சட்டஞ்செய்ய விழைந்திலர். இரண்டு மூன்று நாட்களுக்குள் கொந்தளிப்பு நேரலாம், விழித்திருங்கள் என்பதே அதன் பொருளெனவும், செல்வதும் நிற்பதும் கப்பல் தலைவன் தன் அறிவைக்கொண்டே துணியற்பாலன எனவும் பன்முறை எடுத்துரைத்தார். தாம் பீகிளிற் செய்ததுபோல் கேளாது செல்வாரும் இருப்பரென்று அறிந்தே கூறினார் போலும்.

முதல் எச்சரிக்கை 1861-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 6-ம் தேதி சென்றது. அதற்கு நேர்ந்தது யாது? வடகிழக்குக் கரையில் டைன் ஆற்று முகத்தில் பல கப்பல்கள் நின்றன. வானம் அச்சுறுத்தவில்லை, கம்பத்தின்மீதுள்ள கறுப்புக் கூம்பையோ அதற்குமுன் எவரும் கண்டதில்லை. கப்பல்கள் புறப்பட்டன. பிப்ரவரி 9-ம் தேதி புயல் அக்கரையைத் தாக்கிற்று. கப்பல்கள் பல நொறுங்கின. அன்று விட்பி என்னும் ஊரின் உயிர்மீட்புப் படகு, கரைமோதிய கப்பல்களினின்றும் மாலுமிகளை மீண்டும் மீண்டும் சென்று மீட்டது. இறுதியிற் சென்றபோது கவிழ்ந்தது. படகிலிருந்த பதின்மூவருட் பன்னிருவர் மாண்டனர். எஞ்சிய ஒருவர் மட்டும் புதுமாதிரியான தக்கைக் கச்சையை அணிந்திருந்தார். ஏனையோர் அணிந்தவை பழைய மாதிரியின. எச்சரிக்கையை இகழ்ந்தவர் சிலர். அதன்பொருட்டு உயிர்விட்டவர் வேறு சிலர். இதனினும் கொடிய கணக்கினை நாம் கண்டிலோம்.

அந்நிகழ்ச்சிக்குப்பின் கூம்பினை மாலுமிகள் மதிக்கத் தொடங்கினர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 1-ம் தேதி டைம்ஸ் பத்திரிகையில் பொதுமக்களுக்கான வானிலை முன்னறிக்கை முதன்முதல் வெளிவந்தது. வருவது உரைக்கும் சோதிடமன்று, காரணங்களை நோக்கிக் கணித்த கருத்தே என்பது விளங்குதற்பொருட்டு, அதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் அவரே தேர்ந்து வழங்கினார். மக்கள் விரும்பிப் படித்தனர். விக்டோரியா மகாராணியாரும் ஒயிட் தீவிலுள்ள தம் மாளிகைக்குக் கடல்கடக்குமுன் அவரிடம் ஆளனுப்பி வானிலை கேட்பது வழக்கமாயிற்று.

தொல்லையும் இங்கிருந்தே தொடங்கிற்று. புயலை அறிவிப்பது ஒன்று. நாள்தோறும் மழையும் வெயிலும் கூறுவது வேறொன்று. சில நிலையங்களின் தந்திகளைக்கொண்டு, மேற்கே அகன்ற அட்லாண்டிக் கடலினின்றும் ஒரு செய்தியும் வாராத நிலையில், நாளைய வானத்தைச் சொல்வது அக்காலத்திற் பெருந்துணிவேயாம். பலமுறை பொய்த்தது. பொய்த்தபோதெல்லாம் நகைச்சுவைப் பத்திரிகைகள் அவரைப் பஞ்சாங்கக்காரரென எள்ளின. டைம்ஸ் பத்திரிகையும் நாளடைவில் அவரைக் கைவிட்டதுபோல் எழுதிற்று. பார்லிமெண்டில் தந்திச் செலவைப்பற்றிக் கேள்விகள் எழுந்தன. அறிவியலாருட் சிலர், விதிகள் நிறுவப்படாமுன் அறிவிப்புக் கூறுவது அறிவியலுக்கு இழுக்கு என்றனர். இவரெல்லாரினும் மிக்க சினங்கொண்டவர் மீன்படகுகளின் முதலாளிகளுட் சிலர். கூம்பு ஏறினால் வலைஞர் துறையிலேயே நின்றுவிடுகின்றனர். புயல் வாராதொழியின் அன்றைய மீன் நட்டம். படகில் ஏறாதார்க்குப் புயலைவிட நட்டமே பெரிதாய்த் தோன்றுவது இயல்பு.

எச்சரிக்கையே கேடு விளைக்கும் என்னும் எண்ணம் அந்நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் டார்னேடோ எனப்படும் நிலச்சுழற்காற்றின் பெயரை வானிலை அறிவிப்புகளில் எடுத்தாளலாகாதென்று 1880-க்கு மேற்பட்ட ஆண்டுகளில் அதிகாரிகள் விலக்கினர். பெயரைக் கேட்டே மக்கள் கலங்கி ஓடிக் கேடுறுவர் என்று அவர்கள் அஞ்சினர். 1948-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ம் தேதி ஓக்லஹோமா மாகாணத்து விமானப்படைத் தளமொன்றில் இரு அதிகாரிகள் துணிந்து அதனை முன்னறிவித்தனர். விமானங்களும் மனிதரும் காக்கப்பட்டபின், அன்று மாலையே காற்று வந்தது. அதன் பின்னரே அவ்விலக்குத் தளரத் தொடங்கிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அறிவிப்பின்றி மாண்டவர் பலராவர். மக்களை அறியாமையில் வைத்துக் காப்பதினும் அறிவித்துவிட்டு அவர் அறிவை நம்புவதே தக்கதென்று பிட்ஸ்ராய் கொண்ட கொள்கை நமக்கும் உடன்பாடே.

அவரோ தளர்ந்துகொண்டே வந்தார். இரவும் பகலும் உழைத்தார், காது மந்தமாயிற்று, உறக்கம் அகன்றது. முதல் மனைவியாரையும் மூத்த மகளாரையும் முன்னரே இழந்தவர். தம் கப்பலிற் பயணஞ்செய்த டார்வின் 1859-ல் வெளியிட்ட நூல் தமது சமயக் கொள்கைக்கு முரணாயிருந்ததும், அந்நூலுக்குத் தாமே ஒருவகையில் துணைநின்றதும் அவர் மனத்தை வருத்தின. பொதுநன்மையின்பொருட்டுத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுச் செலவிட்டு வறியருமானார். 1865-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இலண்டனையடுத்த தம் இல்லத்தில், மாமனார்போலவே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். காற்றின் குறிகளைக் கண்டறிந்து பிறர்க்கு உரைத்த அவர் உள்ளத்தில் எழுந்த புயலை அருகிருந்தார் எவரும் அளந்தறிந்திலர். அத்துயரத்தினை விரித்துரைக்க நம் எழுதுகோல் எழவில்லை. குடும்பத்தாரிடம் பொருளில்லாமையை அறிந்த நண்பர்கள் நிதி திரட்டினர். கொள்கையால் மாறுபட்டிருந்த டார்வினும் 100 பவுன் அளித்தார்.

அவர் மறைந்தபின், கால்ட்டன் என்னும் அறிஞர் தலைமையில் ஒரு குழு அவ்வலுவலகத்தின் வேலையை ஆராய்ந்தது. நாட்தோறும் வெளியிடும் முன்னறிக்கைகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லையென்றும், அவற்றை நிறுத்தவேண்டுமென்றும் 1866-ல் அறிக்கையிட்டது. புயலெச்சரிக்கைகள் பலமுறை பலித்தமையை அக்குழுவினரும் மறுக்கவியலவில்லை. எனினும் எவ்விதிகளின்படி அவை கணிக்கப்பட்டன என்பது ஏட்டில் இல்லையே என்று குறைகூறினர். அவ்வாண்டு டிசம்பரில் எச்சரிக்கைகளும் நின்றன. கம்பங்கள் வெறுமையாயின.

அப்பொழுது எழுந்தவர் அறிவியலாரல்லர், பத்திரிகைக்காரருமல்லர். துறைதோறும் மாலுமிகளும் வலைஞர்களும் துறைமுகச் சபையாரும் விண்ணப்பம் விடுத்தனர். கூம்பு எவ்விதியினால் ஏறுகின்றதென்பது அவர்க்கு வேண்டுவதன்று. ஏறியபோது நின்றார் பிழைத்தமையை அவர் கண்டிருந்தனர். ஆறாண்டுகட்குமுன் டைன் ஆற்றில் அதனை ஏறெடுத்தும் பாராதிருந்த மக்களே இப்பொழுது அதனைத் திருப்பித் தருக என வேண்டினர். அரசாங்கத்தார் இணங்கினர். 1867-ம் ஆண்டில் எச்சரிக்கைகள் மீண்டன. செய்தித்தாள் முன்னறிக்கைகள் 1879-ல் மீண்டன.

நம் நாட்டிலும் அதே காலத்தில் இம்முறை வேரூன்றிற்று. 1864-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ம் தேதி கல்கத்தாவையும், அடுத்த மாதத்தில் மசூலிப்பட்டணத்தையும் பெரும்புயல்கள் பாழ்படுத்தின. கடல்பொங்கி ஊர்களை விழுங்கிற்று. அதன்பின் 1865-ல் கல்கத்தாத் துறைக்குப் புயலெச்சரிக்கை ஏற்பாடு தொடங்கிற்று; 1875-ல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்றது; நாளடைவில் சென்னை முதலிய துறைகளிலும் அடையாளங்கள் ஏறலாயின.

எச்சரிக்கை ஏறினும் பசி இறங்காது என்பதனைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றையும் கூறவேண்டியுள்ளது. ஸ்காத்துலாந்தின் தென்கிழக்கில் ஐமவுத் என்னும் வலைஞர் ஊர் உளது. 1881-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு வாரமாய்க் கடற்கொந்தளிப்பால் படகுகள் வெளிச்செல்லவில்லை. கையிற் காசில்லை; வீட்டில் உணவு குறைந்தது. 14-ம் தேதி காலை வானம் தெளிந்து கடல் அமைதியாய்த் தோன்றிற்று. துறையிலிருந்த பாரமானியோ மிகத் தாழ்ந்திருந்தது. முதியவர் அதனைக் கண்டனர், தயங்கினர். ஆனால் ஒரு படகு புறப்பட்டால் ஏனையவை நிற்குமோ? நின்றவனைக் கோழையென்பர், மீன் விலையும் அன்று ஏறியிருக்கும். படகுகள் சென்றன. நண்பகலில் வானம் இருண்டு புயல் எழுந்தது. தப்பித் திரும்பிய படகுகள் சில, துறைவாயிலிலுள்ள பாறைகளில் மோதி, கரையில் நின்ற மனைவியரும் மக்களும் காணவே நொறுங்கின. அக்கரை முழுவதும் மாண்டோர் 189 பேர். அவருள் ஐமவுத் ஊரினர் மட்டும் 129 பேர். அறியாமையால் அவர்கள் சென்றனர் என்று கூறுதற்கில்லை. பாரமானியை வழங்கியவர் வறுமையை நீக்கும் கருவி எதனையும் வழங்கவியலவில்லை.

தென்னமெரிக்காவின் பட்டகோனியா மலைகளுள் ஒரு கொடுமுடி பிட்ஸ்ராயின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆங்கில வானிலைத் துறையார் கடற்செல்வார்க்கெனத் தயாரித்து வானொலியிற் படிக்கப்பெறும் அறிக்கையில், ஸ்பெயின் நாட்டிற்கு வடமேற்கேயுள்ள கடற்பகுதிக்கு நெடுநாள் வேறொரு பெயர் வழங்கிற்று. 2002-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அதனை நீக்கிப் பிட்ஸ்ராய் எனப் பெயரிட்டனர். அவ்வறிக்கையிலுள்ள பகுதிகளுள் மனிதர் ஒருவரின் பெயரைக் கொண்டது அஃதொன்றே. அப்பெயரைச் சொல்லி, காற்றின் திசையையும் போபர்ட் முறையில் அதன் வேகத்தையும் படித்துவிட்டு, அடுத்த பகுதிக்குச் செல்கின்றனர்.